கணினியின் உட்கோட்டை

திண்டிவனத்தினின்று திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுவழியில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த செஞ்சி என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரை அணுகுவோர் கண்ணுக்கு முதலில் தோன்றுவன, உருண்ட பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற மூன்று குன்றுகள். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். மூன்றனையும் முக்கோணமாக இணைத்து, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்கு மதில் வளைந்தோடுகின்றது. அவற்றுள் இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. அடிவாரத்தில் கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் குதிரை இலாயமும் உள்ளன. அங்கிருந்து வாயில் பல கடந்து மேலேறுவோர், உச்சிக்குச் சற்று முன்னே பாறை பிளந்து கிடக்கும் ஆழ்ந்த பள்ளமொன்றைக் காண்பர். அதனைக் கடப்பதற்குச் சிறு பாலமொன்றே வழி. முற்காலத்தில் அப்பாலத்தை எடுத்துவிட்டால், உச்சிக்கோட்டை உலகினின்றும் பிரிந்து தனித்து நிற்கும். முகலாயப் படைத்தலைவனாகிய சுல்பிகர்கான் 1690-ஆம் ஆண்டில் தொடங்கிய முற்றுகை 1698-ஆம் ஆண்டிலேதான் முடிவுற்றது என்பதனால் இக்கோட்டையின் வலிமை விளங்கும். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்ததாக இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

இக்கோட்டையின் அமைப்பை மனத்திற் கொண்டால், கணினியின் உள்ளமைப்பை உணர்வது எளிது. கணினியிலும் கீழ்க்கோட்டை உண்டு, உச்சிக்கோட்டையும் உண்டு. கடிதம் எழுதுவதற்கும், படம் பார்ப்பதற்கும், கணக்கிடுவதற்கும் பயன்படும் செயலிகள் யாவும் கீழ்க்கோட்டையில் வாழ்வன. அவற்றுள் ஒன்று கெட்டால் அஃது ஒன்றே நிற்கும். மற்றவை தம் பணியைச் செய்துகொண்டிருக்கும். உச்சியில் இருப்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவதும், வன்தட்டில் எழுதுவதும், விசைப்பலகையின் அழுத்தத்தை உணர்வதும் அதன் தொழில்கள். கீழுள்ள செயலி எதுவும் நேரே உச்சிக்குச் செல்ல இயலாது. ‘இக்கோப்பைத் திறந்து தருக’ என்று ஒரு குறுகிய வாயிலில் நின்று வேண்டுதல் வேண்டும். உட்கரு அதனை ஆராய்ந்து நிறைவேற்றும். இவ்வமைப்புக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்கி நிற்கும் பல்லாயிரம் கோப்புகளே அமைப்புக் கோப்புகள் எனப்படும். அவற்றுள் சில பழுதுற்றாலும் உச்சிக்கோட்டையே தளர்வுறும்.

பழுது எவ்வாறு நேர்கின்றது? செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு கணினி மையம் இருப்பதாகக் கொள்க. கல்லூரியில் சேரவிருக்கும் மாணவி ஒருத்தி, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அங்கு வருகின்றாள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றையெல்லாம் படியெடுத்துக் கணினியில் ஏற்றியாயிற்று. மறுநாள் மாலையே விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். அவ்வேளையில் கணினி தானே புதுப்பித்துக் கொள்ளத் தொடங்குகின்றது. ‘அணைக்காதீர்’ என்று திரையில் எழுத்துத் தோன்றுகின்றது. நூற்றுக்கு நாற்பது பங்கு முடிந்த நிலையில் மின்சாரம் போய்விடுகின்றது. மின்சாரம் மீண்டபின் கணினியைத் தொடக்கினால், நீலத் திரையொன்று தோன்றி மறைகின்றது, மீண்டும் தொடங்குகின்றது, மீண்டும் நீலத் திரையே. “அண்ணா, என் சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டனவா?” என்று அவள் கேட்கின்றாள். இக்கேள்விக்குரிய விடை, மையத்தை நடத்துபவர் அடுத்த கால் மணி நேரத்தில் என்ன செய்கின்றார் என்பதைப் பொறுத்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால், கோப்பின் ஒரு பாதி புதியதாகவும் மறுபாதி பழையதாகவும் நின்றுவிடக்கூடும். இதனைத் தடுக்கும் பொருட்டு விண்டோஸ் முதலிய இயங்குதளங்கள் ஓர் உபாயத்தைக் கையாள்கின்றன. பழைய வணிகர்கள் வரவு செலவை நேரே பேரேட்டில் பதியமாட்டார்கள். முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பின்னரே பேரேட்டில் ஏற்றுவார்கள். இடையில் ஏதேனும் தடை நேர்ந்தால் சிட்டையைக் கொண்டு பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். அவ்வாறே வன்தட்டும், செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பின்னர் உரிய இடத்தில் செய்கின்றது. ஆயினும் இச்சிட்டை, எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்னும் அட்டவணையைக் காக்குமேயன்றிக் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் காப்பதன்று.

மின்தடை ஒன்றே காரணமன்று. வன்தட்டு முதுமையுற்றுச் சில இடங்களில் எழுத்தை ஏற்காது போதலும், நினைவகச் சில்லு பழுதுற்று எண்களை மாற்றி உரைத்தலும், நச்சுநிரல் புகுந்து கெடுத்தலும் உண்டு. இடம் போதவில்லையென்று அமைப்புக் கோப்புகளையே அழித்துவிடும் அன்பர்களும் இருக்கின்றனர். தூண் எதற்கென்று அதனை இடித்து அறையைப் பெரிதாக்க முயல்வார் செயல் போன்றது அது.

பல்லாயிரம் கோப்புகளுள் பழுதுற்றது எது என்பதை எங்ஙனம் அறிவது? ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் கேடு விளையும். கோட்டைத் தலைவன், ‘வாயிற்கதவை அடை’ என்று ஓலை எழுதுகின்றான். படியெடுப்போன் கைப்பிழையால் அது, ‘வாயிற்கதவை உடை’ என்று ஆயிற்றெனின் விளைவு என்னாகும்? மாறியது ஓரெழுத்தே.

இவ்விடர்ப்பாட்டைத் தமிழுலகம் நன்கு அறியும். ஓலைச்சுவடிகள் செல்லரித்தும் சிதைந்தும் போக, படியெடுத்தோர் பிழைகளும் சேர, பழந்தமிழ் நூல்கள் பல உருக்குலைந்து கிடந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றனோடொன்றை ஒப்புநோக்கி, 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு சுவடியில் விடுபட்ட அடி மற்றொன்றில் கிடைக்கும். ஒன்றில் பிழைபட்ட சொல் மற்றொன்றில் திருத்தமாக இருக்கும். மனம்போனவாறு புதுச்சொல் புகுத்தாது, கிடைத்த படிகளைக் கொண்டே திருத்துவது அப்பெரியார் மேற்கொண்ட நெறி.

எழுத்தை எண்ணிக் காக்கும் வழக்கமும் நம் முன்னோரிடம் இருந்தது. திருவாய்மொழி உரைகளை ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று வழங்குதல் காண்க. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. நூலின் அளவே அதன் பெயராயிற்று. அளவு தெரிந்திருப்பின், இடையில் ஏடு விழுந்தாலும் எவரேனும் இடைச்செருகல் செய்தாலும் எண்ணிப் பார்த்து அறியலாம். ஆனால் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. ‘அடை’ என்பது ‘உடை’ என்று மாறினால் எண்ணிக்கை மாறுவதில்லையே!

கணினி வல்லுநர் கண்ட முறை இக்குறையைப் போக்குகின்றது. கோப்பிலுள்ள ஒவ்வொரு குறியையும் ஒரு கணக்கினுள் செலுத்தி, இறுதியில் குறித்த நீளமுள்ள ஓர் எண்ணைப் பெறுகின்றனர். கோப்புச் சிறியதாயினும் பெரியதாயினும் அவ்வெண்ணின் நீளம் ஒன்றே. கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். இதனைக் கோப்பின் முத்திரை எண் எனலாம். இயங்குதளத்தை ஆக்கியோர் தம் கோப்புகளுக்குரிய முத்திரை எண்களைக் கையொப்பமிட்டு உடன் அனுப்புகின்றனர். கோப்பை மீண்டும் கணக்கிட்டு வரும் எண், உடன்வந்த எண்ணோடு ஒத்தால் கோப்பு நன்று. ஒவ்வாவிடில் அது பழுது.

விண்டோஸ் கணினியில் இவ்வொப்புநோக்கைச் செய்யும் கருவி ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’ என்பது. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘எஸ்எஃப்சி’ என்பதனை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோட்டுடன் ‘ஸ்கேன்நவ்’ என்பதனைச் சேர்த்து இடுதல் வேண்டும். அக்கருவி காக்கப்பட்ட அமைப்புக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராயும். பழுதுற்றதைக் கண்டால், கணினியினுள்ளேயே சேமித்து வைக்கப்பட்டுள்ள மூலப் படியினின்றும் நல்ல கோப்பை எடுத்து அவ்விடத்தில் வைக்கும். பயனரின் கடிதங்களையும் படங்களையும் அது தொடுவதில்லை. பழங்கோட்டையைப் பேணுவோர், பெயர்ந்த கல்லிருந்த இடத்தில் அதே அளவும் அதே இனமுமான கல்லை வைப்பரேயன்றி மதில் முழுவதையும் இடித்துக் கட்டுவதில்லை, அத்தன்மையது இது. சில நிமிடங்கள் முதல் அரை மணி வரையிலும் ஆகலாம். இடையில் சாளரத்தை மூடலாகாது.

பணி முடிந்தபின் அக்கருவி கூறும் விடையை ஊன்றிப் படித்தல் வேண்டும். ‘பழுது ஒன்றுமில்லை’ என்றால் குற்றம் வேறிடத்தில் உள்ளது என்பது பொருள். ‘கண்டேன், திருத்தினேன்’ என்றால் கணினியை மறுமுறை தொடங்கிப் பார்க்கலாம். ‘கண்டேன், ஆனால் சிலவற்றைத் திருத்த இயலவில்லை’ என்று அது கூறுவதும் உண்டு. இவ்விடத்திலேதான் பலர் தடுமாறுகின்றனர். ஒப்புநோக்குவதற்கு வைத்திருந்த மூலச் சுவடியே செல்லரித்துப் போயிற்று என்பது அதன் பொருள். மூலம் கெட்டபின் அதனைக்கொண்டு படியைத் திருத்துவது எப்படி?

அந்நிலையில் உதவுவது ‘டிஸ்ம்’ என்னும் மற்றொரு கருவி. அது மூலக் களஞ்சியத்தையே ஆராய்ந்து, கெட்டுப்போன பகுதிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் புதுப்பிப்பு நிலையத்தினின்றும் இணையவழியே வருவித்துச் செப்பனிடும். இணையம் இல்லாவிடத்து, அதே பதிப்பைச் சேர்ந்த நிறுவுதட்டையோ பென்டிரைவையோ மூலமாகக் காட்டலாம். களஞ்சியம் செம்மையுற்றபின் முதற்கருவியை மீண்டும் இயக்குதல் வேண்டும். இக்காரணம் பற்றியே, ‘டிஸ்ம்’ முன்னும் ‘எஸ்எஃப்சி’ பின்னுமாக இயக்குக என்று அந்நிறுவனத்தார் அறிவுறுத்துகின்றனர்.

இனிச் செஞ்சிக் கடைத்தெருவிற்குத் திரும்புவோம். மையத்தை நடத்துபவர் பதற்றக்காரராயின் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ‘ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகும்’ என்று வன்தட்டை வெற்றிடமாக்கி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடலாம். கணினி அரை மணியில் பளிச்சென்று ஓடத் தொடங்கும். மாணவியின் சான்றிதழ்கள் அத்துடன் அழிந்துபோம். நோய் தீர்ந்தது, நோயாளி இல்லை என்ற கதையே இது. இத்தகைய வைத்தியம் ஊர்தோறும் நடைபெறுவது வருந்தத்தக்கது.

அறிவுடையோர் முதலில் நோக்குவது கணினியை அன்று; அதனுள் இருக்கும் பிறர் பொருளை. கணினி தொடங்காவிடினும் வன்தட்டிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் கேடின்றியே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதனைக்கொண்டு கணினியைத் தொடக்கினால், வன்தட்டிலுள்ள விண்டோஸை எழுப்பாமலே அதிலுள்ள கோப்புகளைக் காணலாம். மற்றொரு பென்டிரைவிற் படியெடுத்துக்கொள்ளலாம். வன்தட்டு ‘பிட்லாக்கர்’ என்னும் பூட்டினால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் அதற்குரிய 48 இலக்க மீட்பெண் வேண்டும். அவ்வெண்ணை அதே கணினியினுள் எழுதி வைத்திருப்போர் உளர். பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர் அவர்.

படியெடுத்த பின்னரே பழுதுபார்க்கத் தொடங்கலாம். தொடக்கம் தொடர்ந்து தவறினால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதன்கண் பல வழிகள் உண்டு. ‘சேஃப் மோடு’ எனப்படும் காப்பு நிலையில் தொடக்கினால், இன்றியமையாத சில கோப்புகளை மட்டும் கொண்டு கணினி எழும். அந்நிலையில் முற்கூறிய கருவிகளை இயக்கலாம். அண்மையில் ஏற்றிய புதுப்பிப்பை நீக்கும் வழியும் அங்கு உண்டு. ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ என்பது முன்பு குறித்து வைத்த ஒரு நாளின் நிலைக்கு அமைப்புக் கோப்புகளைத் திருப்பும். பயனரின் கோப்புகளை மாற்றாது. ஆனால் அந்நாளுக்குப் பின் நிறுவிய செயலிகள் நீங்கிவிடும். பெரும் பதிப்பு மாற்றமாயின் பத்து நாள்களுக்குள் பழைய பதிப்பிற்குத் திரும்பலாம். வன்தட்டிலேயே குறையிருக்குமென ஐயுற்றால் ‘செக்டிஸ்க்’ கருவி உண்டு. தளர்ந்த வன்தட்டுக்கு அச்சோதனையே பெருஞ்சுமை ஆகலாம். ஆதலால் படியெடுக்காமல் அதனைத் தொடங்குதல் தகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும் என்பது தேர்ந்தோர் கொள்ளும் நெறி. நான்கு மருந்தை ஒருசேர உட்கொண்டவன், எதனால் நலமுற்றான், எதனால் நலிந்தான் என்பதை எவ்வாறு அறிவான்?

இத்துணைத் தொல்லை தரும் புதுப்பிப்பே வேண்டாமென்று அதனை நிறுத்திவிட்டால் என்ன என்று சிலர் வினவுவர். அதற்கு விடையாக 2017-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கூறலாம். அவ்வாண்டு மார்ச்சு 14-ஆம் நாள், விண்டோஸின் மதிலிலிருந்த ஒரு வெடிப்பை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பலர் அதனை ஏற்கவில்லை. இரண்டு திங்கள் கழித்து, மே 12-ஆம் நாள், ‘வானாகிரை’ என்னும் நச்சுநிரல் அவ்வெடிப்பின் வழியே புகுந்து, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளிலேயே பணி தடைப்பட்டு, நோயாளிகள் பலர் திருப்பியனுப்பப்பட்டனர்.

புதுப்பிப்பை ஏற்றோரும் துன்புற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2018 அக்டோபர் 2-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்று, ஒருசிலர் கணினியில் அவர்தம் ஆவணங்களையே அழித்துவிட்டது. நான்கு நாளில் அது நிறுத்தப்பெற்றது. திருத்திய பதிப்பு நவம்பர் 13-இல் வந்தது. அழிந்தவருள் வேறொரு தட்டில் படி வைத்திருந்தோர் கவலையுறவில்லை.

புதுப்பிப்பு நிறைவேறாமல் தவறும்போது திரையில் ஓர் எண் தோன்றும். அதனைப் பிழையென்று தள்ளிவிடாது ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று. நோயின் பெயரே அவ்வெண். ‘0எக்ஸ்80070070’ என்பது வன்தட்டில் இடமில்லை என்று அறிவிப்பது. ‘0எக்ஸ்80073712’ என்பது மூலக் களஞ்சியம் கெட்டுளது என்று அறிவிப்பது. முன்னதற்குத் தேவையற்றவற்றை நீக்கி இடம் உண்டாக்கினால் போதும். பின்னதற்கு ‘டிஸ்ம்’ வேண்டும். பெரும்பாலான தடைகள் மிக எளிய காரணத்தால் நேர்வன: கணினியின் நாளும் நேரமும் தவறாயிருத்தல், இணையம் இடையறுதல், மறுதொடக்கம் செய்யாமல் நாட்கணக்கில் விட்டுவைத்தல். இவை யாவும் சரியாயிருந்தும் தவறினால், இறக்கிய புதுப்பிப்புகள் தங்கும் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் அடைவில் அரைகுறைக் கோப்புகள் கிடக்கலாம். புதுப்பிப்புச் சேவையை நிறுத்தி, அவ்வடைவிற்கு வேறு பெயரிட்டு, மீண்டும் சேவையைத் தொடக்கினால் கணினி புதிய அடைவை ஆக்கிக்கொள்ளும். அழிப்பதை விடுத்துப் பெயர் மாற்றுவது ஏன் எனின், தவறு நேர்ந்தால் பழையதையே திரும்பக் கொள்ளலாம் அன்றோ!

இனி உச்சிக்கோட்டையிலேயே நேர்ந்த பெரும் பழுதொன்றைக் காண்போம். ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்பது கணினிகளைப் பகைவரிடமிருந்து காக்கும் மென்பொருளை ஆக்கும் அமெரிக்க நிறுவனம். காவல் செய்வோன் எங்கும் பார்க்கவேண்டும் என்னும் காரணத்தால், அம்மென்பொருள் பாலத்தைக் கடந்து உட்கருவிலேயே அமர்ந்திருந்தது. 2024 ஜூலை 19-ஆம் நாள், இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, அந்நிறுவனம் தன் காவலர்க்கெல்லாம் ஒரு சிறு குறிப்புக் கோப்பை அனுப்பியது. புதிய சூழ்ச்சிகளை அறிந்துகொள்வதற்கான குறிப்பு அது. 21 உள்ளீடுகளை அக்குறிப்பு எதிர்பார்த்தது; மென்பொருள் தந்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிச் சென்ற காவலன் நினைவகத்தின் எல்லையைத் தாண்டிக் கால் வைத்தான். கீழ்க்கோட்டையில் இது நிகழ்ந்திருந்தால் அவன் ஒருவனே வீழ்ந்திருப்பான். உச்சியில் நிகழ்ந்தமையால் கோட்டையே நின்றுவிட்டது.

பிழையுணர்ந்து 10.57 மணிக்கே அக்குறிப்பைத் திரும்பப் பெற்றனர். ஒரு மணி பதினெட்டு நிமிட இடைவெளிக்குள், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளுள் அது நூற்றில் ஒரு பங்கினும் குறைவே. ஆயினும் விமானப் போக்குவரத்து, வங்கி, மருத்துவமனை ஆகியவற்றின் கணினிகள் அவற்றுள் மிகுதியாக இருந்தமையால் உலகமே நின்றாற் போலாயிற்று. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன. 1750-ஆம் ஆண்டில், எண்ணற்ற வாயில்களையுடைய செஞ்சிக் கோட்டையை பிரெஞ்சுப் படையினர் புஸ்ஸி என்பவர் தலைமையில் ஓரிரவிற் கைப்பற்றியதை வரலாறு கூறும். அங்கே வந்தவர் பகைவர். இங்கே இடறியவன் காவலன்.

அப்பழுதினைத் தீர்த்த முறை அறியத்தக்கது. தொலைவிலிருந்து திருத்துதல் பெரும்பாலும் இயலவில்லை. கணினி எழுந்தால் அன்றோ செய்தி அனுப்பலாம்! பணியாளர் ஒவ்வொரு கணினியின் முன்னும் நேரே சென்றமர்ந்து, காப்பு நிலையில் அதனைத் தொடக்கி, 291 என்னும் எண்ணைத் தாங்கிய அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கி, மறுதொடக்கம் செய்தனர். செயல் சில நிமிடமே. ஆனால் பூட்டிய வன்தட்டுகளுக்கு முற்கூறிய 48 இலக்க எண்ணைத் தேடவேண்டியதாயிற்று. சில நிறுவனங்களில் அவ்வெண்களைச் சேமித்த கணினியும் நீலத் திரையில் கிடந்தது! அந்நிறுவனம் பின்னர்த் தன் குறிப்புகளை எல்லார்க்கும் ஒருசேர அனுப்பாது, படிப்படியாக அனுப்பும் முறையை மேற்கொண்டது. பெரிய அலுவலகங்களிலும் இதுவே ஏற்ற முறை. முதலில் இரண்டொரு கணினியில் புதுப்பித்து, சில நாள் பொறுத்துப் பார்த்து, பின்னரே ஏனையவற்றிற்கு அளிப்பர்.

பழுது நேர்ந்த வேளையில் உதவ வருவோர் போல வரும் வஞ்சகரும் உளர். ‘உம் கணினியில் ஆயிரம் பிழை, இவ்வெண்ணுக்குப் பேசுக’ என்று இணையப் பக்கமொன்றில் தோன்றும் எச்சரிக்கை பெரும்பாலும் பொய். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் தாமாக எவரையும் தொலைபேசியில் அழைத்துப் பழுது கூறுவதில்லை. ஒரு கோப்பு இல்லையென்று கணினி கூறியவுடன், அப்பெயருடைய கோப்பை எங்கேனும் தேடி எடுத்துக் கொணர்ந்து வைப்பதும் பெருந்தீங்கு. யார் எழுதிய ஓலையென்று தெரியாததை உச்சிக்கோட்டைக்குள் விடுவதாகும் அது. உரிமமின்றி வழங்கும் விண்டோஸ் படிகளின் நிலையும் இதுவே. அவற்றில் புதுப்பிப்பு முடக்கப்பட்டும், அமைப்புக் கோப்புகள் மாற்றப்பட்டும் இருத்தல் கூடும். விண்டோஸ் 10 பதிப்புக்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றமையால், அதனையே பயன்படுத்துவோர் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்திற் சேர்தலோ வேறு பதிப்பிற்கு மாறுதலோ வேண்டும்.

லினக்ஸிலும் இத்தகைய பழுதுகள் நேர்வதுண்டு. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அது, டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. அவ்வகையில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பொதியாக வரும். எப்பொதி எதனைச் சார்ந்தது என்னும் பட்டியலும் உடன் வரும். புதுப்பிப்பு இடையில் அறுந்தால், அரைகுறையாக நின்ற பொதிகளை முடித்துவைக்கும் கட்டளையை முதலிலும், விடுபட்ட சார்புகளை வருவிக்கும் கட்டளையை அடுத்தும் இடுவர். கருவி வேறாயினும் நெறி ஒன்றே.

கடைத்தெருவிலிருந்த அம்மாணவியின் செய்தி எஞ்சியுள்ளது. மையத்தை நடத்துபவர் பொறுமையுடையவர் எனக் கொண்டால், அவர் முதல் அரை மணியில் லினக்ஸ் பென்டிரைவைக் கொண்டு சான்றிதழ்களை வெளியே எடுத்துவிடுவார். அடுத்த கணினியில் அவற்றை ஏற்றி, விண்ணப்பத்தை அன்று மாலையே அனுப்பி, ஒப்புகைச் சீட்டை அச்சிட்டு அவள் கையில் தருவார். அவள் வீடு திரும்பிய பின்னர், கதவைச் சாத்திவிட்டு, மின்தடைக்கு மாற்றாக நிற்கும் மின்கலப் பெட்டியுடன் பழுதுற்ற கணினியை இணைத்து, மீட்புத் திரையைத் திறப்பார். அரைகுறையாக நின்ற புதுப்பிப்பை நீக்குவதற்கு இருபது நிமிடம்; களஞ்சியத்தைச் செப்பனிடுவதற்கு அரை மணி; கோப்புகளை ஒப்புநோக்குவதற்குக் கால் மணி. இரவு கடையடைக்கும் நேரத்தில் கணினி எழுந்து நிற்கும். தோன்றிய பிழையெண்ணையும், அன்றைய நாளையும், செய்த திருத்தங்களையும் குறிப்பேட்டில் எழுதிய பின், மறுநாட் காலையில் புதுப்பிப்பை அவர் மீண்டும் தொடங்குவார்.